பிரிக்காத பொட்டலம்

அத்தியாயம் 11

சின்னுசாமியின் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்று சேலத்து டாக்டர் சொல்லி இன்றோடு பத்து நாள் ஆகிறது. புதன்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் டாக்டர் குறித்தால் மட்டும் போதுமா? ஆண்டிக்காட்டுப்புதூரில் அதற்கு மேல் இன்னொரு உத்தரவு வேண்டும். செல்லாண்டியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பூ கேட்பது என்று போன வாரமே முடிவாகிவிட்டது. வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் மாத்திரையும் கஞ்சியும் ஆத்தா விட்ட வழியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

அப்பாவின் செல்ல மகள் என்று ஊரில் பெயரெடுத்த தனப்பிரியா இன்று அப்பாவின் பக்கத்தில் இல்லை. சூரமங்கலத்தில் அத்தை வீட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் சைக்காலஜி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை. கேட்பவர்களுக்குச் சொல்ல அது நல்ல காரணம். உண்மையான காரணத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எதிரே நர்மதா. அத்தை காளியாத்தாளின் மகள், தனப்பிரியாவைவிட மூன்று மாதம் மூத்தவள், அதே காலேஜ், அதே வகுப்பு. அத்தை நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். மாமா டூட்டியில். வீட்டில் இரண்டு பெண்களும், ஒரு பிளாஸ்க் டீயும், படிக்க வேண்டிய இரண்டு யூனிட்டும்தான் மிச்சம்.

“போனைக் கவுத்து வை. சொல்லு, ஞாபகம்னா என்ன?” என்றாள் நர்மதா.

“மண்டைக்குள்ள இருக்கற பீரோ.”

“அப்படி எழுது, முட்டை போடுவாங்க.”

தனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். “ஞாபகம்ங்கறது எடுத்து வெச்ச போட்டோ கெடையாது. ஒவ்வொரு தடவை நெனைக்கறப்பவும் மனசு அதைப் புதுசாக் கட்டுது. கட்டறப்ப மத்தவங்க சொன்னது, கேட்ட கேள்வி, கனவுல பாத்தது எல்லாம் கலந்துக்கும். கலந்தது நமக்கே தெரியாது.”

“எடுத்துக்காட்டு?”

“கார் மோதற படம் காட்டி, எவ்வளவு வேகம்னு கேட்டாங்க. ‘இடிச்சப்ப’ங்கற கேள்வி வந்தவங்களைவிட ‘நொறுங்கினப்ப’ங்கற கேள்வி வந்தவங்கதான் உடைஞ்ச கண்ணாடியப் பாத்தேன்னு அதிகமாச் சொன்னாங்க. படத்துல கண்ணாடி உடையவே இல்ல.”

“அது புக்குல இருக்கறது. சொந்தமா ஒண்ணு சொல்லு.”

இது கௌதமன் சார் கற்றுக்கொடுத்த வித்தை. பத்து மார்க் கேள்விக்குச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு எழுதினால், திருத்துகிறவர் தூக்கம் கலைந்து இரண்டு மார்க் கூடப் போடுவார் என்பது அவர் கணக்கு. அதை நம்பி வகுப்பே தன் வீட்டுச் சங்கதிகளை எல்லாம் தோண்டியெடுத்து விடைத்தாளில் காயப்போட்டுக்கொண்டிருந்தது. தனப்பிரியாவிடமும் ஒன்று இருந்தது. அதை அவள் எழுத மாட்டாள். பூஜ்யமே போட்டாலும் எழுத மாட்டாள்.

“எனக்கு ஒண்ணும் தோணல” என்றாள்.

குக்கர் கூப்பிட்டது. நர்மதா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கீழ்ப்படிதல் பற்றிய குறிப்பு எங்கே என்று தேடிக்கொண்டு தனப்பிரியா அவளுடைய ரஃப் நோட்டைப் புரட்டினாள். தமிழிலேயே பரீட்சை எழுதலாம் என்பதால் நர்மதா எல்லாவற்றையும் குண்டு குண்டாகத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். ‘அதிர்ச்சியான நேரத்து ஞாபகம், பத்து மார்க்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே சொந்த எடுத்துக்காட்டு.

‘எனக்கு அப்போது ஏழு வயது. மஞ்சள் பாவாடை கட்டியிருந்தேன். கோயிலில் எல்லோரும் கும்பிட்டபடி நின்றார்கள். சாமிக்கு முன்னால் இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. எடு சாமி என்றார்கள். இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். இலை ஈரமாக இருந்தது. பிரித்தபோது சிவப்பு அரளி. அதனால் எனக்கு வேண்டிய ஒருவருக்கு நடக்க வேண்டிய ஆபரேஷன் நடக்கவில்லை. ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார்.’

தனப்பிரியா மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அது அவளுடைய ஞாபகம். மஞ்சள் பாவாடை அவளுடையது. இடது பக்கத்துப் பொட்டலம் அவளுடையது. இலையின் ஈரம்கூட, பதிமூன்று வருஷமாக ராத்திரிகளில் அவள் உள்ளங்கையில் வந்து ஒட்டுகிற அதே ஈரம். யாரிடமும் சொல்லாத ஒன்று இன்னொருத்தியின் கையெழுத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூ கேட்கிற வழக்கம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி இன்னொரு இலையில் கட்டி, எது எதுவென்று வெளியே தெரியாமல் சாமி முன்னால் வைப்பார்கள். சூடம் காட்டியதும் வயசுக்கு வராத ஒரு பெண் குழந்தை ஒன்றை எடுக்கும். அதுதான் ஆத்தாவின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை இந்தக் குடும்பத்தில் யாரும் பிரிப்பதில்லை. ஆத்தா சொல்லாததைத் தெரிந்துகொள்ள ஆசைப்படக் கூடாது என்று அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள். தனப்பிரியாவின் அம்மா சாந்தாமணிக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னபோது இப்படித்தான் கேட்டார்கள். சிவப்பு வந்தது. அந்த ஐந்து மாதமும் அம்மா படியேறும்போது மூச்சு வாங்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். மகளுக்குத் தலை பின்னும்போது நடு நடுவே சீப்பை வைத்துவிட்டு இளைப்பாறுவாள். பூவை எடுத்தது யார் என்று ஒரு நாளும் அவள் பேசியதில்லை.

நர்மதா தட்டில் பொங்கலோடு வந்தாள். தனப்பிரியாவின் மடியில் எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள்.

“நீ பாக்கக் கூடாதுன்னுதான் நெனைச்சேன்.”

“இது நான்” என்றாள் தனப்பிரியா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எடுத்தது நான். எங்கம்மாவுக்குப் பூ எடுத்தது நான். நீ எப்படி எழுதலாம்?”

“நீயா? பிரியா, அன்னிக்கு எடுத்தது நான்டி.”

“பொய் சொல்லாத.”

“யாராவது இதுல பொய் சொல்லுவாங்களா? எங்கம்மா அதுக்கப்புறம் என்னை அந்தக் கோயிலுக்குள்ள விட்டதே இல்ல, தெரியுமா உனக்கு? நோம்பி, திருவிழான்னா எல்லாரும் போவாங்க, நான் மட்டும் வாசல்லயே நிப்பேன். எதுக்குன்னு நெனைச்சே?”

“எங்கப்பா அதுக்கப்புறம் என் கையைப் புடிச்சு ரோடு தாண்டினதில்ல” என்றாள் தனப்பிரியா. “அது எதுக்குன்னு நீ நெனைச்சே?”

இரண்டு பேரும் நாளைக்கு எழுத வேண்டிய பாடத்தை இன்றைக்கே தங்கள் மேல் நடத்திப் பார்த்தார்கள். பாவாடை யாருடையது? ஒரே துணியில் இரண்டு பேருக்கும் தைத்தது. சரி, முன்னால் போனது யார்? இரண்டு பேருக்கும் தான் போனதுதான் தெரியும், பக்கத்தில் இன்னொருத்தி நின்றது தெரியவில்லை. ‘எடு சாமி’ என்ற குரல் யாருடையது? சின்னுசாமி மாமா என்றாள் நர்மதா. தனப்பிரியாவும் அப்பா என்றுதான் சொன்னாள். ஒன்றும் பிடிபடவில்லை.

“பதிமூணு வருசமா உங்க ஊட்டுக்கு வரும்போதெல்லாம் சாந்தாமணி அத்தை போட்டோவை நேராப் பாக்க மாட்டேன்” என்று நர்மதா அழுதாள். “உன் மூஞ்சியப் பாத்தா உங்கம்மா மூஞ்சி. அதோடவே ஒரு பெஞ்சுல மூணு வருசம் உக்காந்திருக்கேன்.”

தனப்பிரியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முதலில் வந்தது ஆத்திரம். அம்மாவிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பாவம் ஒன்றுதான். அதிலும் பங்கு கேட்டு ஒருத்தி வந்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. அப்புறம்தான் நர்மதாவின் முகத்தைப் பார்த்தாள். தன்னைப் போலவே தினமும் செத்துக்கொண்டிருந்த ஒருத்தி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பொங்கல் ஆறிப்போனது.

பதினொரு மணிக்கு ஊருக்குப் போன் போட்டாள். அண்ணி மலர்விழிதான் எடுத்தாள். அண்ணன் தீனதயாளன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணி, இன்னிக்குப் பூ யாருங்க எடுக்கறது?”

“யாரு, நம்ம கனிஷ்காதான். ஒண்ணாவது படிக்கறவளுக்கு இன்னிக்குத்தான் பெரிய வேலை வந்திருக்குது. தலைக்கு ஊத்தி உட்டு, புதுக் கவுனுப் போட்டு உக்கார வெச்சிருக்கறேன்.”

தனப்பிரியா போனை வைத்துவிட்டு எழுந்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்க வேண்டும், அது ஒரு பக்கம். அண்ணன் மகள், ஆறு வயதுக் கனிஷ்காவின் உள்ளங்கையில் அந்த ஈரம் ஒட்டிவிடக் கூடாது. அதுதான் அவளைக் கிளப்பியது.

“நாளைக்குப் பரீட்சைடி” என்றாள் நர்மதா.

“நீ படி. நான் போறேன்.”

“எங்கம்மா கோயிலுக்குள்ள உடாது. வாசல்ல நிக்கறதுக்காவது வாரேன்” என்று நர்மதாவும் செருப்பை மாட்டினாள்.

புது பஸ் ஸ்டாண்டில் ராசிபுரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நர்மதா பழக்க தோஷத்தில் நோட்டை விரித்தாள். மனசு எங்கேயோ கிடந்தாலும் வாய் படித்துக்கொண்டே வந்தது.

“ஒருத்தர் ஆபத்துல இருக்கறப்ப சுத்தி நிக்கற கூட்டம் பெருசானா உதவி கொறையுது. ஏன்?”

“அடுத்தவன் செய்வான்னு ஒவ்வொருத்தனும் நெனைக்கறதால” என்றாள் தனப்பிரியா.

“மேல இருக்கறவர் சொன்னார்னா, அடுத்த ரூம்ல ஒருத்தன் கத்தறது காதுல விழுந்தும் அவனுக்கு ஷாக் குடுக்கற சுவிட்சைப் போடறாங்க. ஏன்?”

“பொறுப்பு தன்னோடது இல்ல, சொன்னவரோடதுன்னு நெனைச்சுக்கறதால.”

நர்மதா நோட்டை மூடிவிட்டாள். அன்று கோயிலில் பன்னிரண்டு பெரியவர்களாவது இருந்திருப்பார்கள். கோயமுத்தூருக்குக் கார் எடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைத்தான் முன்னால் தள்ளினார்கள். இதைப் பாடமாகப் படித்தபோது மார்க் எடுக்கத் தோன்றியதே தவிர, கோபம் வரவில்லை. இப்போது வந்தது.

ராசிபுரத்தில் வெகுநேரம் காத்திருந்து டவுன் பஸ் மாறி ஊர் போய்ச் சேர மணி மூன்று. வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சின்னுசாமி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்ட மனிதர். நீரோட்டம் எங்கே என்று உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து பார்க்காமல் ஒரு குழி தோண்டியதில்லை. தேங்காய் சொல்லி ஆயிரம் அடியிலும் தண்ணீர் வராமல் புழுதி பறந்த கதைகளும் உண்டு, அவற்றை அவர் யாருக்கும் சொல்வதில்லை. இப்போது பத்து நாளில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது.

“பரிச்சைய உட்டுப்போட்டு எதுக்கு சாமி வந்தே?” என்றார். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

தனப்பிரியா கேட்டது அம்மாவின் மூச்சு. அதே இழுப்பு, அதே நிறுத்தம்.

“உங்களைப் பாக்கோணும்னு தோணுச்சுங்கப்பா” என்றாள்.

உள்ளே காளியாத்தாள் தாம்பாளத்தில் தேங்காய் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மாறியது. “நீ எதுக்குடி வந்தே?”

“அத்தை, நான்தான் கூட்டியாந்தேன்” என்றாள் தனப்பிரியா. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அன்னிக்கு அம்மாவுக்குப் பூ எடுத்தது யாருங்க? நானா, இவளா?”

காளியாத்தாள் கையிலிருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “செத்தவளக் கெளப்பாத கண்ணு. இன்னிக்கு நாள் நல்லா இருக்கோணும்.”

“சொல்லுங்கத்தை.”

“எனக்குத் தெரியாது சாமி. ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் போனீங்க. சூடங் காட்டுன ஒடனே நான் கண்ண மூடிக் கும்பிட்டுட்டேன். அல்லாருந்தான் மூடிக்கிட்டாங்க. தொறந்து பாக்கறப்பப் பொட்டலம் பிரிச்சாச்சு.”

“அப்புறம் எதுக்கும்மா என்னைக் கோயிலுக்குள்ள உட மாட்டேங்கற?” என்று கேட்டாள் நர்மதா.

“நீங்க ரெண்டு பேரும் சோடியா அங்க நின்னா என்ற தம்பி மூஞ்சியப் பாக்க முடியறதில்லடி. அதுக்குத்தான்.”

பதிமூன்று வருஷத்துப் பாரம். சாட்சி என்று ஒரு ஆள் கிடையாது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு புண்ணியம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு வேலைய என்னைச் செய்ய உடறானா பாரு” என்று காளியாத்தாள் பேச்சை மாற்றினாள். “நடக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கறார். காத்தால எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயி அரளி பறிச்சு, அவனே பொட்டலங் கட்டி வெச்சிருக்கறான். என்ற உசுருக்கு நானே கட்டறேங்கறான்.”

ரோஸ் கலர் கவுனில் கனிஷ்கா ஓடி வந்து தனப்பிரியாவின் சுடிதாரைப் பிடித்தாள். “அத்தை, நான்தான் பூ எடுக்கப் போறேன்.” பிறகு எட்டி அவள் காதைத் தேடினாள். “எதை எடுத்தா தாத்தாவுக்கு நல்லாவும்? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

தனப்பிரியா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோயில் போய்ச் சேர்ந்த பிறகும் இறக்கவே இல்லை.

கோயில் தோட்டத்து ஓரத்தில்தான். சிறிய கருவறை, முன்னால் தகரக் கொட்டகை, பக்கத்தில் கிணறு. பங்காளிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நர்மதா சொன்னபடி வாசலுக்கு வெளியே நின்றாள். சின்னுசாமி மலர்விழியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று படியை ஏறி முடிப்பதற்குள் இரண்டு தரம் நின்றார். ஆத்தாவுக்கு முன்னால் வாழையிலைப் பொட்டலம் இரண்டு, ஒரே அளவில், ஒரே கட்டாக இருந்தன.

பூசாரி சூடத்தை ஏற்றினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

தனப்பிரியா மூடவில்லை. அதனால்தான் அப்பாவும் மூடாமல் நிற்பதைப் பார்த்தாள். அவர் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொழந்தைய எறக்கி உடுங்க” என்றார் பூசாரி.

“எறக்க மாட்டேனுங்க. நான் எடுக்கறேன்.”

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். “அதெப்படி” என்றார் ஒரு பங்காளி. சின்னுசாமியின் குரல் கம்மி வந்தது. “அவளை உடு சாமி. கொழந்தைதான் எடுக்கோணும்.”

“நானும் உங்க கொழந்தைதானுங்கப்பா.”

வேறு யாரும் வாய் திறப்பதற்குள் கனிஷ்காவை மலர்விழியின் கையில் கொடுத்தாள், குனிந்தாள், ஒரு பொட்டலத்தை எடுத்தாள். இலை ஈரமாகத்தான் இருந்தது. நாரைப் பிரித்தாள்.

சிவப்பு.

“ஆத்தா வேண்டாங்கறா” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தனப்பிரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சாவுக்கு உத்தரவு வந்த மனிதரின் முகம் எப்படி இருக்க வேண்டும்? அந்த முகத்தில் பயம் இல்லை, துக்கம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவள் மறுபடி குனிந்தாள்.

“அதைத் தொடக் கூடாதம்மா!” என்று பூசாரி பதறினார்.

“தனா, வேண்டாம் சாமி” என்றார் சின்னுசாமி. அவர் குரலில் இப்போது பயம் இருந்தது.

இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்து, முதலாவதன் பக்கத்திலேயே வைத்தாள்.

அதுவும் சிவப்பு.

சூடம் அணைந்து புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் நகர்ந்தது பூசாரிதான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். மலர்விழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். சின்னுசாமி படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“உங்கொம்மாளுக்கு என்ன குடுத்தேனோ, அதையே நானும் எடுத்துக்கலாம்னு நெனைச்சேன் சாமி” என்றார்.

தனப்பிரியா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கும் நீங்கதான் கட்டுனீங்களா?”

“நான்தான்.”

“ரெண்டும் சிவப்பா?”

அவர் தலையை ஆட்டினார். வாசலில் நின்ற நர்மதா யார் அனுமதியும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள். அவளையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார், “நீங்க யாரு எடுத்திருந்தாலும் செகப்புத்தான் வந்திருக்கும்.”

நர்மதா தகரக் கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். தனப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை.

“ஏனுங்கப்பா?”

“பயம் கண்ணு.” மூச்சு வாங்கியது. நிறுத்தி, இழுத்து, மறுபடி பேசினார். “எங்கண்ணன் ஆப்பரேசன் டேபிள்லயே போனவன். அவன அனுப்புன கையெழுத்து நான் போட்டது. உங்கொம்மாளுக்கும் நானே கையெழுத்துப் போட்டு, அவளும் அங்கயே போயிட்டா, நான் கொன்ன மாதிரி ஆயிருமேன்னு பயம். வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. ஆத்தா வேண்டாங்கறான்னு ஆச்சுன்னா, என்ற மேல ஒண்ணுமில்ல பாரு. அப்படி நெனைச்சுப்போட்டேன்.”

“எங்க மேல இருந்துதேங்கப்பா” என்றாள் தனப்பிரியா. “உங்க மேல இல்ல, ஆத்தா மேல இல்ல. எங்க ரெண்டு பேரு மேல இருந்துது. நாங்க ஏழு வயசுப் பிள்ளைங்க.”

“நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனைச்சேன் சாமி.”

காளியாத்தாள் தம்பியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் நடந்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். வால்வு மாற்றிக்கொண்டு, இன்றைக்கு இந்தப் படியில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்காமல் ஏன் வந்தாய் என்று திட்டியிருப்பாள். திட்டியிருக்காமலும் போயிருக்கலாம், டேபிளிலேயே போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை இந்த மனிதர் ஒரு வாழையிலையில் சுற்றிக் கிணற்றில் போட்டுவிட்டார். இவர்தான் அவளுக்குச் சோறு ஊட்டியவர். இவர்தான் அவளை சைக்காலஜி படிக்க வைத்தவர். அவளுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, நெஞ்சைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது.

சின்னுசாமி கையை நீட்டினார். பதிமூன்று வருஷத்துக்கு அப்புறம் மகளின் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

“இப்ப நீ சொல்லு தனா. பொதங்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, வேண்டாமா? நீ எது சொன்னாலும் கேட்டுக்கறேன். உன்ற வாயால வர்றதுதான் எனக்கு வாக்கு.”

போங்கப்பா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்த நிம்மதி திரும்பவும் அங்கே வந்துகொண்டிருந்தது. டேபிளில் ஏதாவது ஆனால் மகள் சொல்லித்தான் போனேன். போகாமல் ஏதாவது ஆனாலும் மகள் சொல்லித்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மனிதர் மறுபடியும் ஒரு பிள்ளையின் கையைத் தேடிப் பிடித்துவிட்டார்.

தனப்பிரியா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“நான் சொல்ல மாட்டேனுங்கப்பா. யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க வாயாலயே சொல்லுங்க. அம்மாவுக்குச் சொல்லாதத இன்னிக்குச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியலயே சாமி.”

“தெரியறவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் ராசிபுரத்துக்கு அடுத்த பஸ் ஏழரைக்குத்தான். நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை என்று நர்மதா நினைவுபடுத்தவில்லை, அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சின்னுசாமி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது. மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. அவர்கள் எழுந்திருக்கவில்லை.